கவுண்டி அணிக்கு இரண்டு வெளிநாட்டு வீரர்கள்: ரன்னுக்கா, விக்கெட்டுக்கா?

#1 கடல்முனை (பிரைட்டன்)

வணக்கம். சீசன் முடிந்து குளிர் தொடங்கினால் கவுண்டி (இங்கிலாந்தின் வட்டார அணிகளின் கிரிக்கெட்) ரசிகர்களுக்கு ஒரே பேச்சுதான்: அடுத்த ஆண்டுக்கு வெளியிலிருந்து யாரை எடுப்பார்கள்? கவுண்டிகள் இரண்டு டிவிஷனாக ஆடும் நான்கு நாள் சாம்பியன்ஷிப்பில், 2021 முதல் ஓர் ஆட்டத்தில் இரண்டு வெளிநாட்டு வீரர்களை இறக்கலாம். பதினொரு பேரில் இரண்டு இடம். அதை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று இங்கே கொஞ்சம் விரிவாகப் பேசலாம் என்று நினைக்கிறேன்.

நான் சசெக்ஸ் ஆள். 2022 சீசன் என் மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. புஜாரா வந்தார். எட்டு ஆட்டத்தில் 1,094 ரன், சராசரி 109.40, மூன்று இரட்டைச் சதம். இன்னொரு இடத்தில் முகமது ரிஸ்வான். காகிதத்தில் பார்த்தால் இரண்டாம் டிவிஷனில் இப்படி ஒரு ஜோடி யாருக்குக் கிடைக்கும்? ஆனால் சீசன் முடிவில் எட்டு அணிகளில் ஏழாவது இடம்.

எங்கள் ஹோவ் மைதானத்தில் மிடில்செக்ஸுடன் நடந்த ஆட்டம் ஒன்று போதும். புஜாரா 170, ஆட்டமிழக்கவில்லை. ஷாஹீன் அஃப்ரிடியின் பவுன்சரை ஸ்லிப்புக்கு மேலே தூக்கி சிக்ஸர் அடித்த காட்சியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நான்காவது இன்னிங்ஸில் மிடில்செக்ஸுக்கு 370 இலக்கு. துரத்தி ஜெயித்துவிட்டுப் போனார்கள். காட்சி உலகமெல்லாம் சுற்றியது, புள்ளி மிடில்செக்ஸுக்குப் போனது.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: நான்கு நாள் ஆட்டத்தை ஜெயிக்க 20 விக்கெட் வேண்டும். முதல் இடம் எப்போதும் பந்துவீச்சாளருக்குத்தான் போக வேண்டும்.

#2 ரஞ்சிப்பித்தன் (கோவை)

கடல்முனை அண்ணா, மன்னிக்கவும், இதை ஒத்துக்கொள்ள முடியாது. புஜாரா வராமல் இருந்தால் ஏழாவது இடம்கூடக் கிடைத்திருக்காது.

டெர்பியில் அவர் ஆடிய முதல் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டெர்பிஷயர் 505 அடித்து டிக்ளேர் செய்தது, ஷான் மசூத் மட்டும் 239. சசெக்ஸ் 174க்குச் சுருண்டு ஃபாலோ ஆன், அதாவது உடனே மறுபடியும் பேட்டிங். அங்கிருந்து புஜாரா 201, டாம் ஹெயின்ஸ் 243. ஆட்டம் டிரா. தோல்விக்கும் டிராவுக்கும் இடையில் இருக்கும் புள்ளி சின்னது இல்லை.

அதைவிட எனக்கு முக்கியம் ஹெயின்ஸின் 243. அன்று அந்த அணியில் பாதிப் பேர் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த பையன்கள். எதிர்முனையில் நின்று, ஒவ்வொரு பந்தையும் எங்கே விடுகிறார், எங்கே கை தாழ்த்துகிறார் என்று ஒரு நாள் முழுக்கப் பார்க்கும் வாய்ப்பு எந்தப் பயிற்சியாளராலும் கொடுக்க முடியாதது. லார்ட்ஸில் அவர் 231 அடித்தபோதும் மறுமுனையில் டாம் ஆல்சப் சதம் போட்டார். இது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

பந்துவீச்சு பலவீனமாக இருந்ததற்குப் புஜாராவை எப்படிக் குறை சொல்வது?

#3 நாலாவது_ஸ்லிப் (சவுத்தாம்ப்டன்)

யாரும் புஜாராவைக் குறை சொல்லவில்லை, ரஞ்சி. எடுத்தவர்களைத்தான் கேட்கிறோம். ஓட்டை எங்கே இருக்கிறதோ அங்கேதான் அடைக்க வேண்டும்.

நான் ஹாம்ப்ஷயர் பார்க்கிறவன். 2021 ஏப்ரலில் பாகிஸ்தானின் முகமது அப்பாஸ் மிடில்செக்ஸை என்ன செய்தார் தெரியுமா? ஹாட்ரிக்குடன் 11 ரன்னுக்கு 6 விக்கெட். மிடில்செக்ஸ் 79 ஆல் அவுட். வேகம் பார்த்தால் இன்றைய கணக்கில் வேகப்பந்து என்றே பலர் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஸ்டம்புக்கு ஒட்டி வந்து, ஆஃப் ஸ்டம்பின் மேல் முனைக்குக் குறி வைத்து, ஒரு பந்து உள்ளே, அடுத்தது அப்படியே நேராக. பேட்ஸ்மேன் எல்லாப் பந்தையும் ஆட வேண்டியிருக்கும், விட முடியாது. ஏப்ரல் மாத ஈரப் பிட்சில், தையல் தடித்த டியூக்ஸ் பந்தில், அது போதும். இந்தியாவிலோ துபாயிலோ நடக்கும் டி20 ஏலத்தில் அவரை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கவுண்டிக்கு அவர் தங்கம்.

அதேபோல மேட் ஹென்றி. 2018-ல் கென்டுக்கு வந்தார். அப்போது நியூசிலாந்து டெஸ்ட் அணியில் நிரந்தர இடம் கிடையாது. 75 விக்கெட் எடுத்தார், கென்ட் முதல் டிவிஷனுக்கு ஏறியது.

ரன் அடிக்க உள்ளூரில் ஆள் தேடலாம். ஆட்டத்துக்கு ஏழெட்டு விக்கெட் எடுப்பவர் உள்ளூரில் இருந்தால், அவரை இங்கிலாந்து அணி கூட்டிக்கொண்டு போய்விடும்.

#4 சேப்பாக்கம்_டி_ஸ்டாண்ட் (சென்னை)

பந்துவீச்சாளர் என்றால் உடனே தீர்வு என்பதையும் நம்பாதீர்கள். நம்ம அஸ்வினை எடுத்துக்கொள்வோம்.

2017: வொர்ஸ்டர்ஷயருக்குக் கடைசி நான்கு ஆட்டம் ஆடினார், 20 விக்கெட். அணி இரண்டாம் டிவிஷனை ஜெயித்து மேலே போனது.
2019: நாட்டிங்ஹாம்ஷயருக்கு ஐந்து ஆட்டத்தில் 34 விக்கெட். பேட்டிலும் ஒழுங்காக ரன் அடித்தார். அணி? அந்த சீசன் முழுக்க ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காமல் கீழே இறங்கியது.
2021: சர்ரேக்கு ஒரே ஒரு ஆட்டம். ஓவலில் சாமர்செட்டுக்கு எதிராக இரண்டாவது இன்னிங்ஸில் 27 ரன்னுக்கு 6 விக்கெட், சாமர்செட் 69க்கு முடிந்தது. ஆட்டம் டிரா.

ஒரே ஆள், ஒரே தரம், மூன்று வேறு முடிவு. அஸ்வின் வந்தபோது வொர்ஸ்டர் ஏற்கெனவே மேலே ஏறும் நிலையில் இருந்தது. நாட்ஸில் (நாட்டிங்ஹாம்ஷயர்) அவரைச் சுற்றி எதுவும் நிற்கவில்லை. எனவே இது பேட்டா பந்தா என்ற கேள்வி மட்டும் இல்லை.

#5 மழைநேரம் (குரோய்டன்)

வணக்கம் எல்லாருக்கும். நீங்கள் எல்லாரும் 'யார்' என்று கேட்கிறீர்கள். என்னைப் பொறுத்தவரை முதல் கேள்வி 'எந்த வாரம்' என்பதுதான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாம்பியன்ஷிப்பில் ஒரு அணிக்கு 14 ஆட்டங்கள். ஏப்ரல், மே மாதங்களில் பாதி முடிந்துவிடும். பிறகு கவுண்டிகளின் டி20 போட்டியான பிளாஸ்ட் வந்து நடுவில் உட்காரும். ஆகஸ்டில் ஹண்ட்ரட் (நூறு பந்து லீக்) நடக்கும்போது சாம்பியன்ஷிப்பே கிடையாது. நடுவில் சில ஆட்டம் போக, மிச்சம் பெரும்பாலும் செப்டம்பரில். ஆக, கவுண்டிக்கு உண்மையில் தேவைப்படுவது இரண்டு தனித்தனிக் காலத்துக்கான ஆட்கள்.

ஏப்ரல், மே: ஐபிஎல் ஓடுகிறது. அதில் இடம் கிடைத்தவர் யாரும் வரமாட்டார். அதில் இல்லாத டெஸ்ட் வீரர் வருவார். புஜாரா 2022-ல் ஏப்ரலிலேயே ஹோவில் நின்றதற்கு அதுதான் காரணம். அவுஸ்திரேலியர்களுக்கு அவர்களின் ரஞ்சி மாதிரியான ஷெஃபீல்ட் ஷீல்ட் மார்ச் கடைசியில் முடிகிறது, நல்ல உடல்தகுதியோடு நேரே விமானம் ஏறலாம்.

செப்டம்பர்: அவுஸ்திரேலியர்கள் தங்கள் கோடைக்குத் தயாராகப் போய்விடுவார்கள். மேற்கிந்தியர்கள் பலருக்குக் கரீபியன் டி20 லீக். இந்தியர்களுக்கு ரஞ்சி அக்டோபரில்தான் தொடங்கும், எனவே சிலர் கிடைப்பார்கள்.

இதற்கு மேலே அவரவர் நாட்டு வாரியத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். இங்கிலாந்து வாரியத்தின் ஒப்புதல் வேண்டும், விசா வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் ஆள் வந்துவிடுவார் என்று எண்ண முடியாது. 2024-ல் லங்காஷயர் நேதன் லயனை எடுத்தது ஞாபகம் இருக்கிறதா? சீசன் முழுக்க இருப்பார் என்று அறிவித்தார்கள். பிறகு அவுஸ்திரேலிய வாரியம் முதல் ஏழு ஆட்டத்தோடு நிறுத்திவிட்டது. உலகத்தின் மிகச் சிறந்த சுழல் பந்துவீச்சாளர்களில் ஒருவரை, பந்து சுழலவே சுழலாத ஏப்ரல் குளிரில் பந்துவீசவைத்துவிட்டு, ஆடுகளம் காய்ந்து அவருக்கு வேலை வருகிற நேரத்தில் ஆளில்லை. லங்காஷயர் அந்த ஆண்டு கீழே இறங்கியது.

இதைச் சரியாகச் செய்தது 2025-ல் நாட்டிங்ஹாம்ஷயர். தென்னாப்பிரிக்காவின் கைல் வெரெய்ன விக்கெட் காப்பாளர். ஜூன் கடைசியில் அவர் தன் நாட்டு அணியோடு ஜிம்பாப்வே டெஸ்ட் தொடருக்குப் போக வேண்டியிருந்தபோது, இரண்டு ஆட்டத்துக்கு மட்டும் இஷான் கிஷன். அவரும் காப்பாளர், அவரும் துடுப்பாட்ட வீரர். அணியின் அமைப்பில் ஒரு மாற்றமும் செய்யத் தேவை வரவில்லை. பந்துவீச்சுக்கு விக்டோரியாவின் ஃபெர்கஸ் ஓநீல், அப்போது அவுஸ்திரேலியாவுக்கு ஒரு டெஸ்ட்கூட ஆடாதவர். அவரோடு மேலே நாலாவது_ஸ்லிப் சொன்ன அதே அப்பாஸ். சாம்பியன்ஷிப் கோப்பை அவர்களுக்கு. சர்ரே தொடர்ந்து மூன்று ஆண்டுகள் வைத்திருந்த கோப்பை அது.

கவனியுங்கள், இந்த நாலு பேரில் சுவரொட்டி அடித்து நுழைவுச்சீட்டு விற்கக்கூடிய பெயர் ஒன்றுதான், அவரும் இரண்டு ஆட்டத்துக்கு.

#6 நாலாவது_ஸ்லிப்

மழைநேரம், அருமை. இந்த இழையிலேயே இதுதான் சரியான பதில். அப்பாஸ் எங்களிடமிருந்து நாட்ஸுக்குப் போனது இன்னும் வலிக்கிறது.

#7 கடல்முனை

நல்ல பதிவு, மழைநேரம். எங்கள் கதையும் இதை ஒட்டியே போகிறது. 2024-ல் சசெக்ஸ் இரண்டாம் டிவிஷனை ஜெயித்தபோது முதல் பாதிக்குப் புஜாராவும் ஜெய்டன் சீல்ஸும். ஜூலையில் மேற்கிந்தியத் தீவுகள் அணி இங்கிலாந்து வரும்போது சீல்ஸ் போயாக வேண்டும் என்பது முன்பே தெரிந்ததுதான். கடைசிப் பகுதிக்கு ஆஸ்திரேலியாவின் டேனியல் ஹியூஸும் ஜெயதேவ் உனட்கட்டும். பேட்டுக்கு ஒருவர், பந்துக்கு ஒருவர், சீசன் முழுக்க அந்த அமைப்பு மாறவில்லை.

புஜாராவை நடுவில் விட்டது பலருக்குப் பிடிக்கவில்லை, எனக்கும்தான். ஆனால் ஹியூஸ் டி20-யும் ஆடுவார், ஒரே ஒப்பந்தத்தில் இரண்டு வேலை. சின்னக் கவுண்டிக்கு அந்தக் கணக்கு பெரிது. ஓவலில் டெஸ்ட் நடத்தி வருமானம் பார்க்கும் சர்ரேயும், சாய்வு நாற்காலி போட்டு உட்கார வைக்கும் ஹோவும் ஒரே சந்தையில்தான் ஆள் தேடுகின்றன.

அடிக்கடி ஆளை மாற்றினால் அணிக்குள் ஒட்டாமல் போய்விடாதா என்று ஒரு சந்தேகம். யாராவது சொல்லுங்கள்.

#8 பெவிலியன்படி (பர்மிங்ஹாம்)

நான் பழைய ஆள், பழைய கதையிலிருந்து வருகிறேன்.

1968-ல் விதி தளர்ந்து சோபர்ஸ் நாட்டிங்ஹாம்ஷயருக்கு வந்தார். அதே ஆண்டு ஸ்வான்சியில் ஒரே ஓவரில் ஆறு சிக்ஸர். அன்றைக்கெல்லாம் வெளிநாட்டு வீரர் என்றால் ஏப்ரலில் வந்து செப்டம்பரில் போவார். வருடா வருடம் அதே ஆள். லங்காஷயரில் கிளைவ் லாய்டு, ஃபரூக் இன்ஜினியர். ஹாம்ப்ஷயரில் மார்ஷல். டெர்பிஷயரில் நம்ம வெங்கட்ராகவன் 1973 முதல் 75 வரை. ஊர்க்காரர்களுக்கு அவர்கள் தங்கள் ஆள். அதனால்தான் 1986-ல் சாமர்செட் விவ் ரிச்சர்ட்ஸையும் ஜோயல் கார்னரையும் அனுப்பிவிட்டு மார்ட்டின் குரோவை வைத்துக்கொண்டபோது ஊரே இரண்டாகப் பிளந்தது. போத்தம் கோபித்துக்கொண்டு வொர்ஸ்டர்ஷயருக்குப் போனார். வொர்ஸ்டர் 1988, 89 இரண்டு ஆண்டும் சாம்பியன். குரோ நல்ல பேட்ஸ்மேன்தான். ஆனால் அணிக்குள் ஒரு வெளிநாட்டு வீரருக்கு என்ன இடம் என்பதை ரன் கணக்கு மட்டும் காட்டாது.

ஒட்டுமா என்ற கேள்விக்கு: எங்கள் வார்விக்ஷயரில் சுழல் பந்துவீச்சாளர் ஜீத்தன் படேல். நியூசிலாந்துக்கு வெட்டோரி இருந்ததால் டெஸ்டில் அவருக்கு அதிகம் இடமில்லை. எட்ஜ்பாஸ்டனில் பத்து ஆண்டு கிட்டத்தட்ட. 2012 சாம்பியன்ஷிப்பில் இருந்தார், 2018-ல் அணித்தலைவராக இரண்டாம் டிவிஷனை ஜெயித்தார். எசெக்ஸில் சைமன் ஹார்மரும் அப்படித்தான். 2017-ல் 72, 2019-ல் 83 விக்கெட், இரண்டு ஆண்டும் கோப்பை. ஹார்மர் வந்தது கோல்பாக் வழி. 2003-ல் ஒரு ஸ்லோவாக்கிய ஹேண்ட்பால் வீரருக்கு ஐரோப்பிய நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பால், தென்னாப்பிரிக்கர்கள் பலர் வெளிநாட்டு இடத்தைப் பிடிக்காமலே கவுண்டி ஆட முடிந்தது. பிரெக்ஸிட்டோடு 2020 முடிவில் அந்தக் கதவு மூடியது. பிறகும் எசெக்ஸ் தன் வெளிநாட்டு இடத்தில் ஒன்றை ஹார்மருக்கே கொடுத்தது. ஒரு கவுண்டி எடுத்த மிகச் சரியான முடிவுகளில் அதுவும் ஒன்று.

எனவே தன் நாட்டு அணிக்கு ஒரு படி கீழே நிற்கும் ஆளைத் தேடுங்கள். சீசன் முழுக்க இருப்பார், பசியும் இருக்கும்.

#9 ரஞ்சிப்பித்தன்

ஐயா, அந்தக் கடைசி வரியை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அதற்கும் பேட்ஸ்மேன் உதாரணம் உண்டு! 2019-ல் கிளமோர்கன் ஷான் மார்ஷை எதிர்பார்த்தது, அவர் உலகக் கோப்பை அணிக்குப் போய்விட்டார். பதிலுக்கு வந்தவர் இன்னொரு ஆஸ்திரேலியர், லபுஷேன். அதுவரை ஐந்து டெஸ்ட் ஆடியிருந்தார், பெரிய பெயர் இல்லை. பாதி சீசனில் 1,114 ரன். அந்த ஆகஸ்டில் லார்ட்ஸ் டெஸ்டில் ஸ்டீவ் ஸ்மித்துக்குத் தலையில் அடிபட்டபோது மாற்றாக இறங்கியது இவர்தான். அதற்குப் பின் நடந்தது எல்லோருக்கும் தெரியும்.

வார்விக்ஷயருக்கே 1994-ல் மனோஜ் பிரபாகருக்குக் காயம் வந்ததால்தானே லாரா வந்தார்? மூன்று கோப்பை. ரன்னும் ஜெயிக்க வைக்கும், அண்ணா.

#10 பெவிலியன்படி

தம்பி, லாராவின் ரன் வேகமாக வந்தது. அதுதான் விஷயம். டர்ஹமுக்கு எதிரான 501 டிராவில் முடிந்தாலும், பல ஆட்டங்களில் முதல் இரண்டு நாளுக்குள் அவர் அடித்துக் குவித்துவிட்டால் டிம் மன்டன் போன்றவர்களுக்குப் பந்துவீச நேரம் கிடைத்தது. இங்கே மழை ஒரு நாளைத் தின்றுவிடும். பேட்ஸ்மேனைத்தான் எடுப்பதென்றால், சராசரியோடு எவ்வளவு வேகத்தில் அடிக்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும்.

#11 வாக்ஸ்ஹால்_கேட் (லண்டன்)

சங்கக்காரவை யாரும் சொல்லவில்லையே! 2017-ல் சர்ரேக்கு 1,491 ஓட்டங்கள், சராசரி 106.50, எட்டுச் சதம். ஓய்வு பெறப்போகிற மனிதர் அப்படித் துடுப்பாடியதை நேரில் பார்த்தது எனக்குக் கிடைத்த பாக்கியம். கவர் டிரைவ் அடித்துவிட்டு, ஓடாமல், பந்து எல்லைக் கயிற்றைத் தொடும்வரை அப்படியே நின்று பார்ப்பார். சர்ரே மூன்றாம் இடம். கடல்முனை சொன்ன வாதத்துக்கு இதுவும் வலு சேர்க்கிறது என்பதை மறுக்கவில்லை.

ஆனால் முரளியும் இருக்கிறார். 1999-ல் உலகக் கோப்பை முடிந்து லங்காஷயருக்கு வந்தார். சவுத்போர்ட்டில் வார்விக்ஷயருக்கு எதிராக முதல் ஆட்டத்திலேயே 14 விக்கெட். பாதி சீசனுக்கும் குறைவாக ஆடி 66 விக்கெட் எடுத்தார். லங்காஷயர் இரண்டாம் இடம், சாம்பியன் சர்ரே! அவ்வளவு எடுத்தும் கோப்பை வரவில்லை. அவர் ஏப்ரலிலேயே வந்திருந்தால் என்று அங்கே இன்றும் பேசுவார்கள். மழைநேரம் சொல்லும் 'எந்த வாரம்' என்பது இதுதான்.

சர்ரே 2022, 23, 24 மூன்று ஆண்டும் ஜெயித்ததற்கு உள்ளூர்ப் பையன்களே காரணம். வெளியிலிருந்து கீமார் ரோச் வந்து வந்து போனார், மேல் வரிசையில் ஆள் குறைந்தபோது சாய் சுதர்சன் வந்தார். டிரென்ட் பிரிட்ஜில் 2024-ல் சாய் அடித்த 105 எனக்கு மறக்காது. அழைத்தால் இரண்டே ஆட்டத்துக்கு வருகிறார், வந்து ஒழுங்காக வேலை செய்துவிட்டுப் போகிறார். 2025-ல் சாய் கிஷோரும் அப்படியே.

#12 சேப்பாக்கம்_டி_ஸ்டாண்ட்

நம்ம பையன்களுக்கு இதில் கிடைப்பது பெரிய பாடம். வாஷிங்டன் சுந்தர் 2022-ல் லங்காஷயருக்கு முதல் ஆட்டத்திலேயே ஐந்து விக்கெட் எடுத்தார். சேப்பாக்கத்தில் பழகிய வேகத்தில் அங்கே வீசினால் பந்து மெத்தென்று எழும், பேட்ஸ்மேன் பின்னங்காலில் நின்று வெட்டுவார். இங்கிலாந்தில் எந்த வேகத்தில் வீச வேண்டும் என்பது அங்கே நான்கு நாள் நின்று வீசினால்தான் கைக்கு வரும்.

#13 கரைக்கோடு (லெஸ்டர்)

ஒரு எதிர்க்கருத்து. இங்கே யாரும் உள்ளூர்ப் பையனைப் பற்றி யோசிக்கவில்லை. இரண்டு ஆட்டத்துக்கு ஒருவரைக் கொண்டுவரும்போது, மே மாதம் முழுக்க இரண்டாம் அணியில் விக்கெட் எடுத்த ஒரு 20 வயதுப் பையன் வெளியே உட்காருகிறான். அவனுக்கு யார் சமாதானம் சொல்வது? 2023-ல் ஸ்டீவ் ஸ்மித்தை மூன்று ஆட்டத்துக்குச் சசெக்ஸ் எடுத்தது. ஆஷஸுக்கு முன்னால் எதிரிக்கு நம் ஊரிலேயே பயிற்சி கொடுக்கிறோமே என்று இங்கிலாந்தில் பலர் கேட்டார்கள். எனக்கு அது பெரிய விஷயமில்லை. மூன்று ஆட்டத்தில் அணிக்கு என்ன மிஞ்சியது என்பதுதான் என் கேள்வி.

எங்கள் லெஸ்டர்ஷயரைப் பாருங்கள். 2022-ல் ஒரு வெற்றிகூட இல்லாமல் கடைசி இடம். பீட்டர் ஹேண்ட்ஸ்கோம்ப் 2023-ல் வந்தார், திரும்பத் திரும்ப வந்தார், அணித்தலைவர் ஆனார். 2025-ல் இரண்டாம் டிவிஷனை ஜெயித்தோம். பையன்களுக்கு அவரைத் தெரியும், அவருக்குப் பையன்களைத் தெரியும். யார் எந்தப் பிட்சில் எவ்வளவு ஓவர் தாங்குவான் என்பது வந்து இரண்டு வாரத்தில் புரிகிற விஷயமில்லை.

#14 மழைநேரம்

கரைக்கோடு சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒரு இடம் ஹேண்ட்ஸ்கோம்ப் மாதிரி நிரந்தர ஆளுக்கு, மற்ற இடம் காலத்துக்கு ஏற்ப என்று பிரித்தால்? இரண்டையும் மாற்றிக்கொண்டே இருப்பதுதான் ஆபத்து.

#15 கடல்முனை

அந்தப் பிரிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. கவுண்டி உறுப்பினர் கூட்டத்தில் இதைத்தான் கேட்கப்போகிறேன்: மேல் வரிசைக்கு ஒரு இடது கை ஆஸ்திரேலியர், சீசனில் எவ்வளவு ஆட்டம் முடியுமோ அவ்வளவுக்கு. இன்னொரு இடம் ஏப்ரல், மேயில் ஒரு சீம் பந்துவீச்சாளருக்கு. செப்டம்பரில் அதே இடத்தில் ஒரு இந்திய இடது கை வேகம். ரஞ்சி பார்ப்பவர்கள் பெயர் சொல்லுங்கள். ஐபிஎல் புள்ளிவிவரம் வேண்டாம், சிவப்புப் பந்தில் ஒரு நாளைக்கு இருபது ஓவர் வீசக்கூடியவராக இருக்க வேண்டும்.

#16 ரஞ்சிப்பித்தன்

பெயர் தருகிறேன் அண்ணா, ஆனால் முதலில் துலீப் கோப்பை தேதி வரட்டும். 2024-லும் 2025-லும் அதில் பெரும்பகுதி செப்டம்பரில்தான் விழுந்தது. மண்டல அணியில் இடம் பிடித்த பையன் வர முடியாது. எனவே அந்த அணிகளில் விட்டுப்போன, போன ரஞ்சியில் முப்பது விக்கெட்டுக்கு மேல் எடுத்த இடது கைக்காரர்களைத்தான் பட்டியல் போட வேண்டும். இன்று இரவு உட்கார்ந்து எழுதி இங்கேயே போடுகிறேன்.